சாயங்காலத்தில் டேங்க் என்ன கலர்?

போன வாரம் என் மகள் ஜெனி, தான் வரைந்த படத்தை ஸ்கூலிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தாள். மூலையில் ஆர்ட் மிஸ் பென்சிலால் எழுதியிருந்தார் — ‘டேங்க் கருப்பு. ரீடூ.’

விஷயம் இதுதான். ஜெனி மூன்றாம் வகுப்பு. லைப்ரரி பீரியடில் ஒரு படக்கதைப் புத்தகம் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வெளிநாட்டு ஓவியர் ஒருவரின் கதை. மனிதர் ஒரே வைக்கோல்போரைக் காலை, மதியம், மாலை என்று திரும்பத் திரும்ப வரைந்தாராம். வெளிச்சம் மாறினால் கலரும் மாறும்... அதைப் பிடிக்கத்தான் அத்தனை பாடு. அதை வைத்து ஒரு ப்ராஜெக்ட். ‘அந்த ஓவியரைப் போல வரைந்து வரவும். சனிக்கிழமை எக்ஸிபிஷன்.’

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் வைக்கோல்போருக்கு எங்கே போவது? எங்கள் ஜன்னலைத் திறந்தால் தெரிவது கேபிள் ஒயர், எதிர்வீட்டு மொட்டைமாடி, அதன் மேல் குண்டாக ஒரு தண்ணீர் டேங்க். ஜெனி அதைத்தான் ஒரே தாளில் மூன்று முறை வரைந்தாள். ஸ்கூலுக்குக் கிளம்பும் முன் கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம். லீவு நாளில் மதிய வெயிலிலும் ஜன்னலை விட்டு நகரவில்லை. காலை டேங்க் நீலம். மதிய டேங்க் சாம்பல். மாலை டேங்க்... நல்ல ஆரஞ்சு.

இந்தப் பக்கம் பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வேறு கூத்து. “வைக்கோல்போர் அவுட்லைன் யார்கிட்டயாவது இருக்கா?” என்று ஒரு அம்மா கேட்டார். உடனே பிடிஎஃப் வந்து விழுந்தது. எல்லா வீட்டிலும் பிரின்ட். கலர் அடித்தது யார் என்று கேட்காதீர்கள். “மதியம் முடிஞ்சுது, ஈவ்னிங் ஷேடிங் பெண்டிங்” என்று ஒரு அப்பா அப்டேட்டே போட்டார்!

ஆக, ரீடூ என்று வந்தது ஜெனியின் படத்துக்கு மட்டும்தான்.

கிரேயான் டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். “நீயே வரஞ்சு குடும்மா. எனக்கு வராது.”

எனக்குச் சுருக்கென்றது. விளையாடக்கூடப் போகாமல் ஜன்னலில் உட்கார்ந்து வரைந்த பிள்ளை, ஒரு பென்சில் வரியில் ‘எனக்கு வராது’ என்று முடித்துக்கொண்டாள். இந்த வார்த்தை ஒருமுறை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்காது.

“வரஞ்சு குடுத்துட்டுப் போயேன். ஒரு வைக்கோல்போர்ல என்ன குறைஞ்சிடப் போவுது?” என்றார் என் வீட்டுக்காரர். அவர் எப்போதும் சமாதானக் கட்சி.

நான் மறுநாளே மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். பாவம், நல்ல பெண்தான். வகுப்பு நிறையப் பிள்ளைகள், தலைக்கு மேல் எக்ஸிபிஷன் டென்ஷன்.

“மேடம், பிரின்சிபல் வர்றாங்க. எல்லாம் ஒரே மாதிரி இருந்தாதான் சுவர் நீட்டா தெரியும். உங்களுது மட்டும் டேங்க். அதுவும் ஆரஞ்சு! ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.”

அடடா... எங்கள் ஊர் மந்திரம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. நானும் இங்கேயே பிறந்து வளர்ந்தவள்தான். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக அட்ஜஸ்ட் செய்திருக்கிறேன். தண்ணீர் லாரி வராத நாளில் அரை பக்கெட்டில் குளித்திருக்கிறேன். தோண்டிப்போட்ட ரோட்டில் வருஷக்கணக்காக நடக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்த கலரை எப்படிங்க அட்ஜஸ்ட் செய்வது?

பெரிய ஓவியர்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கிறோம். சந்தோஷம். ஆனால் அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை விட்டுவிட்டு, எதைப் பார்த்தார்கள் என்பதை மட்டும் காப்பியடிக்கச் சொல்கிறோம். அந்த மனிதரே இன்றைக்கு இந்த வகுப்பில் இருந்தால், ‘வைக்கோல் மஞ்சள். ரீடூ’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

“முடியாது மிஸ்” என்றேன்.

“அப்போ சுவத்துல இடம் இருக்காது மேடம்.”

வீராப்பாக வந்துவிட்டேனே தவிர, வழியெல்லாம் ஒரே கேள்வி. சுவரில் படம் இல்லாமல் நிற்கப்போவது நானா? ஜெனி அல்லவா?

அதனால் அன்று சாயங்காலம் அவளிடமே விட்டேன். “இன்னொரு தடவை பாரு. கருப்பா தெரிஞ்சா மாத்திடலாம்.”

ஜன்னலுக்குப் போனாள். ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது முகத்தில் லேசான எரிச்சல்.

“ஆரஞ்சுதாம்மா. நா என்ன பண்றது?”

கிரேயான் டப்பாவை என்னிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு உயிர் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எக்ஸிபிஷன். சுவர் முழுக்க வைக்கோல்போர்... காலை மஞ்சள், மதியம் மஞ்சள், மாலையும் மஞ்சள். ஜெனி சுருட்டிய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காரிடார் ஜன்னல் பக்கமாகப் போய் நின்றாள். திடீரென்று ஒரு கத்தல்.

“மிஸ்! இங்க வாங்க! பாருங்க!”

எதிர் பிளாக் மேலே ஸ்கூலின் சொந்த டேங்க். மேற்கு வெயில் அதன் ஒரு பக்கம் முழுக்க வழிந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு என்றால் அப்படி ஒரு ஆரஞ்சு! ஈவ்னிங் ஷேடிங் அப்பாகூட எட்டிப் பார்த்தார். மிஸ் ஜெனியின் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். “கரெக்ட்தான் ஜெனி. ஆனா சுவர் ஃபுல் ஆயிடுச்சேம்மா.”

நான் ஹேண்ட்பேகைத் திறந்து செலோ டேப்பை எடுத்தேன். அது தற்செயலாகப் பையில் இருந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

சுவர்தானே ஃபுல்? ஜன்னல் கண்ணாடி காலியாகத்தான் இருந்தது.