சுருளியம்மாள் கட்டிய ரொட்டியடுப்பு

அண்ணன் சோலைமலை கடப்பாரையைத் தோளில் சாத்திக்கொண்டு கொல்லைப்புறத்துக்குள் நுழைந்தபோது, சுருளியம்மாள் முழங்கை வரை மாவாக உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்து நாலாம் வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு காலைப் பொழுது. அன்று மதியத்துக்கு மேல் அவள் மகள் அன்னக்கொடிக்குப் பூ வைக்கத் தேவாரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் போடிக்கு பஸ்சில் வந்து இறங்குவதாக ஏற்பாடு.

“நேத்தே பிரிச்சுப் போட்டிருப்பேன்னு நெனச்சேன். இன்னிக்கும் மாவு பெசஞ்சுக்கிட்டு இருக்க” என்றான் சோலைமலை.

“பெசஞ்சாத்தானே சுட முடியும்ணே.”

அவன் கண் மதிலோரம் இருந்த அடுப்புக்குப் போயிற்று. இடுப்பளவு உயரம். கீழே விறகு வைக்க ஒரு வாய். அதற்கு மேல் பெரிய தகர டின் ஒன்றைப் படுக்கவைத்துச் சுற்றிலும் செங்கல்லும் களிமண்ணுமாகப் பூசி மெழுகியிருந்தது. டின்னின் வாயை மூட ஓர் இரும்புத் தகடு. பார்க்க ஒன்றும் அழகில்லை. அதை இடிக்கத்தான் அவன் வந்திருந்தான்.

அந்த அடுப்பு வந்த கதை மலையில் தொடங்குகிறது. சுருளியம்மாளின் புருஷன் ஜக்கையன் ஏலத்தோட்ட வேலைக்குப் போய், மலைக்காய்ச்சல் கண்டு செத்தான். சுமை தூக்கிப் போனவனைச் சுமையாகவே கீழே கொண்டுவந்தார்கள். அன்னக்கொடி அப்போது கைக்குழந்தை. பிள்ளை தவழும் வரை பார்த்தாள் சுருளியம்மாள். பிறகு அதை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்து பங்களாவில் பாத்திரம் விளக்கப் போனாள். தோட்டம் வெள்ளைக்காரத் துரையுடையது. அடுக்களை ஒரு மலையாளத்துச் சமையல்காரியுடையது. துரைசானி கூட அவளிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவாள்.

அங்கேதான் அப்படி ஓர் அடுப்பையும் அதில் சுடும் பண்டத்தையும் முதலில் பார்த்தாள். மார்கழிக் குளிரில், கிறிஸ்துமஸ் வருவதற்கு முன்னால், சமையல்காரி மைதா மாவில் கெட்டி வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் மட்டும் உதிர்ப்பாள். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் இளகிவிடும் என்பாள். அப்புறம் ஜில்லென்ற தண்ணீர் தெளித்துத் திரட்டி, வட்டமாகத் தேய்த்து, நடுவில் உலர்ந்த திராட்சையும் பழக்கூழும் வைத்து, பாதியாக மடித்து ஓரத்தை அழுத்துவாள். நம் சோமாசி மாதிரிதான் இருக்கும். ஆனால் எண்ணெயில் விழாது, சூட்டறைக்குள் போகும். வெளியே வரும்போது பொன்னாக வரும். கடித்தால் பொரபொரவென்று அடுக்கடுக்காக உதிரும். சுருளியம்மாள் சுட்டது முதல் வருஷம் கருகியது. மறு வருஷம் வேகவில்லை. அதற்கடுத்த வருஷம் சமையல்காரி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, “மதி, இனி நீயே சுடு” என்று கரண்டியைக் கொடுத்துவிட்டாள். ‘போதும்’ என்பதற்கு ‘மதி’ என்று சொல்லும் பழக்கம் சுருளியம்மாளுக்கு அங்கே தொற்றியது.

சுதந்திரம் வந்தது. துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார். சுருளியம்மாள் மலையிறங்கி, ஏலக்காய்ப் பேட்டைக்குப் பின்னால் இந்த வீட்டைப் பிடித்து, வளர்ந்து நின்ற மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். வந்த கையோடு களிமண் மிதித்தாள். கொத்தனாருக்கு அப்படி ஓர் அடுப்பு கட்டத் தெரியாது. அவளே கட்டினாள். முதலில் கட்டியது சரிந்தது. அடுத்தது வெடித்தது. மூன்றாவது நின்றது.

உலர்ந்த திராட்சைக்கு அவள் எங்கே போவாள்? கொய்யாப்பழத்தை விதை நீக்கி மசித்து, மலைவாழைப்பழமும் கருப்பட்டியும் சேர்த்து, கரண்டி நட்டால் நிற்கும் பதத்துக்குக் கிண்டினாள். சுக்கும், பேட்டையில் சலித்துக் கழித்த உடைந்த ஏலமும் தட்டிப் போட்டாள். ஊர் அதற்குத் துரைசானி சோமாசி என்று பேர் வைத்துச் சிரித்தது. “துரைசானி கருப்பட்டியக் கண்டாளா? இது சுருளியம்மா சோமாசி” என்று பதில் சொல்லிவிட்டுக் கூடையோடு பஸ் நிலையத்துக்கு நடப்பாள். சிரித்தவர்களும் வாங்கித்தான் தின்றார்கள். மகளும் அவளும் சாப்பிட்டது அந்தக் கூடையால்தான்.

பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட மாப்பிள்ளையின் அத்தை கருத்தம்மா இரண்டு தின்றாள். அந்தக் குடும்பத்தில் அவள் சொல்தான் சொல். “என்ன பண்டம் மதினி இது, வாயில வச்சா கரையுது” என்றாள். எங்கே கற்றாள் என்பதைச் சுருளியம்மாள் மறைக்காமல் சொன்னதும், மூன்றாவதை எடுக்கப் போன கை அப்படியே மடிக்குத் திரும்பியது. நாலு நாள் கழித்துச் சோலைமலை வழியாகச் சேதி வந்தது. துரை பங்களாவில் வேலை பார்த்தவள் வீட்டில் பெண் எடுத்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாதாம். பூ வைக்கும் முன் அந்த அடுப்பு இருக்கக் கூடாது. அது மட்டுமில்லை. தேவாரத்தில் யார் கேட்டாலும், சுருளியம்மாள் அத்தனை வருஷமும் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள், மலைக்கே போனதில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதைக் கேட்டபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு, சோலைமலை தேவாரத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டான்.

இப்போது அவன் கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கினான். “நகரு தாயி. நான் வெரசா இடிச்சுட்டுக் குளிக்கப் போகணும்.”

சுருளியம்மாள் எழுந்தாள். கையைக் கழுவவில்லை. அடுக்களைக்குள் போய்க் கொள்ளிக்கட்டை ஒன்றை எடுத்துவந்து, ரொட்டியடுப்பின் வாய்க்குள் செருகி ஊதினாள். காய்ந்த காப்பிமர விறகு. சடசடவென்று பிடித்துக்கொண்டது.

“என்ன பண்ற நீ?”

“சுடுறேன். கல்யாணப் பொண்ணு இருக்கிற வீட்டுல எரியிற அடுப்ப இடிக்கிற ஆம்பள யாருன்னு பாக்குறேன்.”

சோலைமலை நெருப்பைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். அந்த வீட்டுக்கு விளக்கேற்றி வைத்தவன் அவன். எரிகிற அடுப்பில் கடப்பாரை போட அவனுக்குக் கை வராது என்பது அவளுக்குத் தெரியும்.

“அவிஞ்சதும் இடிப்பேன்” என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான்.

“அவியட்டும்” என்றாள் அவள். அவிய விடவில்லை. தட்டு உள்ளே போனது, வெளியே வந்தது, அடுத்த தட்டு போனது. வீட்டில் இருந்த மைதா தீர்ந்தது. அனலுக்காக, கொடியில் கிடந்த ஈரச் சேலையைத் தன் தலையில் சுற்றிக்கொண்டாள். அடுத்த தெருவுக்குப் போய் மாவு வாங்கிவரும்படி அன்னக்கொடியை ஏவினாள். அன்னக்கொடி அசையவில்லை. பூ வைக்கக் கட்டிய அரக்குச் சேலையில் வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“என்னைவிட உனக்கு இந்த அடுப்புதான் பெருசா, ஆத்தா?”

சுருளியம்மாளின் முகம் ஒரு கணம் தொய்ந்தது. பிள்ளையை விட்டுவிட்டு மலையேறிய அன்று, அண்ணன் மனைவியின் இடுப்பிலிருந்து கைநீட்டி அழுத அதே முகம் அன்னக்கொடிக்கு. அவள் மகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இது மண்ணுடி. போனா இன்னொண்ணு கட்டுவேன். ஆனா இத அவுக சொல்லி நான் இடிச்சேன்னா, உன்னைய விட்டுட்டு நான் போய் ஒழைச்ச அத்தன வருசமும் அசிங்கம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் ஒத்துக்க மாட்டேன். உனக்கு அந்த வீடு வேணும்னா போ, நான் குறுக்க நிக்கல. பொய் மட்டும் என் வாயில வராது.”

அன்னக்கொடி மாவு வாங்கப் போகவில்லை. உள்ளே போய்விட்டாள். சுருளியம்மாளே கோதுமை மாவைச் சலித்து அடுத்த தட்டுக்குப் பிசைந்தாள். அது அவ்வளவு பொரபொரப்பாக வரவில்லை. வந்தவரை போதும் என்று அடுக்கினாள்.

மதியம் திரும்பியதும் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். ஏலமும் நெய்யும் வெந்த கருப்பட்டியுமாகத் தெருமுனையிலேயே அவர்களை வாசனை வரவேற்றது. கருத்தம்மா உள்ளே வந்தாள், உட்காரவில்லை. நேராகக் கொல்லைக்கு நடந்து, எரிகிற அடுப்பைப் பார்த்தாள். மரத்தடியில் கடப்பாரையோடு தலைகுனிந்து நின்ற சோலைமலையையும் பார்த்தாள்.

“என்ன அண்ணே, சொன்ன சொல் இதுதானா?”

சோலைமலை வாயைத் திறக்குமுன், அவர்கள் இருவரும் பின்தொடர, சுருளியம்மாள் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்தாள். புருவத்தில் சாம்பல், கையில் ஒரு பெரிய தாம்பாளம், அதில் கோபுரமாகப் பழச் சோமாசி. அதைத் தாம்பூலத் தட்டுகளுக்கு நடுவில் வைத்தாள்.

“சொன்னது எங்கண்ணன். நான் சொல்லல. நான் பங்களாவுல பாத்திரம் வெளக்குனேன், சமைச்சேன், இதக் கத்துக்கிட்டு வந்தேன். இதுலதான் எம்மக வளந்தா. இஷ்டப்பட்டவுக எடுத்துக்கங்க.”

“பண்டத்துல முட்டையெல்லாம் போடுவாளாமே” என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் முணுமுணுத்தார்.

“போடல. போட்டாத்தான் என்ன பெரியப்பா, உங்க வீட்டுல கோழி வெறும் கூவுறதுக்கா வளக்குறீக?”

யாரோ சிரித்து, கருத்தம்மாவைப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளைப் பையன் தரையைப் பார்த்தபடி இருந்தான். அவன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும்.

கருத்தம்மா குரலைத் தாழ்த்தினாள். தாழ்ந்தால்தான் அது கண்டிப்பு. “சரி. புள்ள மேல குத்தமில்ல. புள்ளய நாங்க கூட்டிக்கிறோம். ஆனா தாலி ஏறுன பிறகு அவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. இந்த வீட்டுப் பண்டம் எங்க வீட்டுக்குள்ள வரக் கூடாது. சம்மதம்னா இப்பவே பூ வைக்கிறோம்.”

சோலைமலை அவசரமாகத் தலையை ஆட்டினான். அப்போதுதான் அன்னக்கொடி உள்ளறையிலிருந்து வந்தாள். அழுது வீங்கிய கண்கள். யாரையும் பார்க்காமல் தாம்பாளத்துக்குப் போனாள். மேலே இருந்ததை எடுத்தாள். பூ வைக்க வந்தவர்கள் முன்னால் பெண் வாயில் எதையும் போடக் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அவள் நின்றபடியே பெரிதாக ஒரு கடி கடித்தாள். துகள் அரக்குச் சேலையில் உதிர்ந்தது. கருத்தம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தபடி மென்று விழுங்கிவிட்டு அடுத்த கடி கடித்தாள்.

“மதி” என்றாள் அன்னக்கொடி. மலைக்கே போகாத பெண். “எங்காத்தா வாசலுக்கு நான் வரக் கூடாதுங்கிற எந்த வீட்டுலயும் எனக்குச் சோலியில்ல.”

கொண்டுவந்த பூவையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். நாலரை பஸ்சுக்கு வெகுநேரம் இருந்தது. பஸ் நிலையத்தில் வெயிலில்தான் நின்றார்களாம். சோலைமலை கடப்பாரையை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். வாசலில் திரும்பி, “இனி இவளுக்கு எங்க மாப்ள பாக்குறேன்னு பாரு” என்றான். அது மிரட்டலா துக்கமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அந்தக் கோபம் ஊருக்குள்ளும் பரவியது. ஐப்பசி முடியும் வரை சொந்தக்கார வீடுகள் ஒன்றும் அவள் பண்டத்தை வாங்கவில்லை. தீபாவளிக்கு ஆத்தாளும் மகளும் தனியாகத்தான் இருந்தார்கள். அன்னக்கொடி சில நாள் சிடுசிடுத்தாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. சுருளியம்மாள் அதைச் சமாதானம் செய்யப் போகவில்லை. மாவுப் பாத்திரத்தை மட்டும் மகள் பக்கமாக நகர்த்தினாள். ஒருநாள் அன்னக்கொடி விரல் நுனியால் வெண்ணெயை உதிர்க்க ஆரம்பித்தாள். அதன் பின் கூடை இரண்டாயிற்று. ஒன்று பஸ் நிலையத்துக்கு, ஒன்று ரயிலடிக்கு.

இரண்டு வருஷம் கழித்துக் குரங்கணிப் பக்கம் ஜீப் ஓட்டிய பால்பாண்டி தானே வந்து பெண் கேட்டான். ஏலக்காய் லோடு இறக்க வரும்போதெல்லாம் நாலு சோமாசி தின்று போனவன். “ஒரு கண்டிசன் உண்டு” என்றாள் சுருளியம்மாள். “எம்மக உங்க வீட்டுல அடுப்புக் கட்டுவா.”

“கட்டட்டும். செங்கல்லு நான் ஏத்திட்டு வர்றேன்” என்றான் அவன்.

கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோடு சோலைமலை வந்தான். செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்தான். மாலை எடுத்துக் கொடுத்தான், மருமகளை ஆசீர்வதித்தான். இலையில் வைத்த சோமாசியை மட்டும் தொடாமல் எழுந்தான். சுருளியம்மாள் அதைப் பார்த்தாள். எடுத்துச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சவில்லை. அவன் இலையை அவளே எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்த பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்கப் போனாள்.