புறவழிச் சாலையில் ஓர் உள்தாழ்ப்பாள்

மின்சார கார் சார்ஜ் ஏற்றும் நிலையங்களில் பெண்கள் கழிப்பறை எப்படி இருக்கும் என்று கோட்டைக்குள் குடியிருக்கும் விஜயலக்ஷ்மிக்குத் தெரிந்த அளவு திருவனந்தபுரத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. வடக்கே கொல்லம் வரை, தெற்கே நாகர்கோவில் வரை, பதினான்கு மாதத்தில் அறுபத்து மூன்று நிலையங்கள். ஒன்றைக்கூட அவளாக விரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விரும்பியவர் அவள் புருஷன் பட்டாபி. முப்பத்தாறு வருஷம் தணிக்கை ஆபீஸில் உட்கார்ந்து, பிறத்தியார் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? ஓய்வு பெற்றதும் மின்சார கார் வாங்கினார். வாங்கிய வாரமே கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். பெட்ரோல் என்றால் ஐந்து நிமிஷத்தில் அடித்துக்கொண்டு போய்விடலாம். சார்ஜ் ஏற நாற்பது நிமிஷமாகும், சில இடத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகும். அத்தனை நேரம் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் மனுஷனுக்கு என்னென்னவோ வேண்டியிருக்கிறது. மழைக்கு ஒரு கூரை, முதுகு சாய நாற்காலி, குடிதண்ணீர், சூடாக ஒரு டீ, மூக்கைப் பொத்தாமல் போய்வரக் கழிப்பறை. எங்கே எது உண்டு, எங்கே எது இல்லை என்று பத்துக்கு இத்தனை மார்க் போட்டுப் பட்டாபி குழுவில் எழுதினார். எழுதுகிறவர்கள் இன்னும் பலர் உண்டு. ஆனால் மற்ற ஆண்கள் யாரும் எழுத முடியாத ஒன்றை அவர் எழுதினார். பெண்கள் பக்கம் எப்படி என்று சொல்ல அவரிடம் ஆள் இருந்தது.

"பட்டாபி சார் ரிப்போர்ட் வந்தாச்சா?" என்று பார்த்துவிட்டுத்தான் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் உண்டாம். அந்தப் புகழில் பங்கு கேட்கும் எண்ணம் விஜயலக்ஷ்மிக்கு இல்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

பத்தொன்பது வருஷம் அவள் கணக்கு டீச்சராக இருந்தவள். மாமியார் படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டாள். மாமியார் எட்டு வருஷம் கிடந்து போய்ச் சேர்ந்தார். மகன் ஜெயந்த் பெங்களூரில் குடித்தனம் வைத்துவிட்டான். இனிமேலாவது நம் பொழுது நமக்கு என்று அவள் நிமிர்ந்த சமயத்தில் வாசலில் கார் வந்து நின்றது. வாரத்தில் நாலு நாள் இட்லியை டப்பாவில் அடைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏற வேண்டும். ஏதோ ஒரு ஊரில் இறங்கி உள்ளே போய், கொக்கி உண்டா, வாளி உண்டா, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவந்து சொல்ல வேண்டும். வரவில்லை என்றும் சொல்லிப் பார்த்தாள். "நீ வராட்டா அந்த இடத்தை ரிப்போர்ட்ல எப்படி ஃபில் பண்றதாக்கும்?" என்றார் பட்டாபி. அவர் அதட்டுகிற மனுஷர் இல்லை. அதட்டினாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம். சொல்வது காதில் விழாத ஒருவரிடம் அகப்பட்டுக்கொண்டால் எந்தப் பக்கம் முட்டிக்கொள்வது?

போன மாதம் சுப்ரியா ஃபோன் செய்தாள். பள்ளிக்கூடத்தில் விஜயலக்ஷ்மியிடம் படித்தவள். இப்போது கழக்கூட்டத்தில் டியூஷன் சென்டர் நடத்துகிறாள். பிளஸ் டூ கணக்குக்கு ஆள் வேண்டும், வாரம் மூன்று சாயங்காலம். வருகிறேன் என்று விஜயலக்ஷ்மி அந்த நிமிஷமே சொல்லிவிட்டாள். அப்புறம் இந்த வாரம் சுப்ரியா மறுபடியும் கூப்பிட்டாள்.

"டீச்சர், என் பார்ட்னர் ஒரு டெமோ கேக்கணும்ங்கறார். ஃபோன்லயே மதி, நேர்ல வர வேண்டாம். வியாழக்கிழமை பதினோரு மணி, இருபது நிமிஷம், ப்ராபபிலிட்டி. பதினொண்ணரைக்கு வேற ஒருத்தர் இருக்கார். அன்னிக்கே முடிவு பண்ணிடுவோம்."

அந்த வியாழக்கிழமை காலையில்தான் பைபாஸில் போன வாரம் புது நிலையம் திறந்திருக்கிறது என்று பட்டாபி கிளம்பினார். பத்தரைக்குத் திரும்பிவிடலாம் என்றார். முப்பத்தொரு வருஷம் குடித்தனம் செய்த பிறகும் அவள் அதை நம்பினாள் பாருங்கள், அதுதான் ஆச்சரியம்.

போன இடத்தில் இரண்டு மெஷினில் ஒன்று வேலை செய்யவில்லை. முன்னால் ஒரு டாக்சி. இவர்கள் முறை வந்து கார் மெஷினில் பூட்டிக்கொண்டபோது மணி பத்து இருபது. பத்து ஐம்பதுக்கு ஐம்பத்தெட்டு சதவீதம். "போலாம்னா, நேரமாச்சு" என்றாள். "நூறு ஆகாம எடுத்தா டெஸ்ட் பூர்த்தியாகாது" என்று சொல்லிவிட்டு அவர் காருக்குள்ளேயே உட்கார்ந்து குழுவுக்குக் குரல் செய்தி அனுப்ப ஆரம்பித்தார். காத்திருப்பு அறையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. வெளியே நின்றால் லாரி இரைச்சல். விஜயலக்ஷ்மி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இந்தப் பூமியில் இருபது நிமிஷம் தனியாகப் பேச ஓர் இடம் இல்லையா?

ஓர் இடம் இருந்தது. கொஞ்சம் முன்னால்தான் அதற்குப் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தாள்.

பத்து ஐம்பத்தேழுக்குப் பெண்கள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். பதினொரு மணிக்கு ஃபோன் அடித்தது. "எங்கே இருக்கேள் டீச்சர், எக்கோ அடிக்கறது?" என்றாள் சுப்ரியா. "காலி ரூம்" என்றாள் விஜயலக்ஷ்மி. பொய் இல்லையே. லைனில் அஞ்சு என்ற பேரில் டியூஷன் படிக்கும் ஒரு பெண். மலையாளமும் இங்கிலீஷுமாக விஜயலக்ஷ்மி பாடத்தைத் தொடங்கினாள். சீட்டுக்கட்டு, பகடை என்று புத்தகத்தில் இருந்ததைச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் "ம்" கொட்டிய தினுசிலேயே தெரிந்தது, ஒன்றும் ஏறவில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது.

"விஜி! என்னாச்சு? எத்தனை நேரம்?"

ஃபோனில் தன் குரலை அடைத்துவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னாள். "தாழ்ப்பாள் மாட்டிண்டுடுத்துன்னா! திறக்க வரலை!"

வெளியே பட்டாபி போட்ட கூச்சலில் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் நேசையன் ஓடிவந்தார். பாறசாலைப் பக்கத்துக்காரர். "அம்மா, பேடிக்காதீங்க, ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நான் இப்பம் திறந்திருவேன்" என்று தோளால் கதவை இடித்தார். விஜயலக்ஷ்மி இடது கையால் தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் ஃபோன். "ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வருகேன் சாறே" என்று நேசையன் போனார். அந்த நேரத்தில்தான் அவள் மனதில் ஒரு கணக்கு உதித்தது. ஃபோனில் அடைத்த குரலைத் திறந்துவிட்டு அஞ்சுவிடம் கேட்டாள்:

அறுபத்து மூன்று சார்ஜிங் நிலையம். நாற்பத்திரண்டில் பெண்கள் கழிப்பறை என்று போர்டு இருக்கிறது. அதில் உண்மையிலேயே திறந்திருப்பது இருபத்தொன்றுதான். போர்டே இல்லாத இடத்தில் எதுவும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு நிலையத்தில் வண்டியை நிறுத்தினால் உனக்குக் கதவு திறக்க எத்தனை சாத்தியம்? அஞ்சு யோசித்தாள். மூன்றில் ஒன்று. சரி, போர்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினால்? இரண்டில் ஒன்று! "ஐயோ டீச்சர், இவ்வளவுதானா?" என்று அந்தப் பெண் சிரித்தாள். பின்னால் யாரோ ஆண்குரலும் சிரித்தது. பதினொன்று இருபத்திரண்டுக்குச் சுப்ரியா சொன்னாள்: "அடுத்தவாளைக் கூப்பிடவே போறதில்லை டீச்சர். திங்கட்கிழமை வந்துடுங்கோ."

விஜயலக்ஷ்மி முகத்தைக் கழுவிக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தாள். வெளியே நேசையன் அப்போதுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்துவந்திருந்தார். பட்டாபியின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கதவைத் தள்ளித் தள்ளி உள்ளங்கை சிவந்திருந்தது. நாலு பேர் பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பயந்துட்டேன் விஜி" என்றார். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் அடுத்த நிமிஷம் அவர் ஃபோனை எடுத்துவிட்டார். "பெண்கள் பாதுகாப்புக்குப் பூஜ்யம். யாரும் இங்கே வரப்படாது. கம்பெனிக்கும் கம்ப்ளெயின்ட் போடறேன்."

நேசையன் முகம் செத்துப்போனது. "சாறே, அத எழுதாதீங்க சாறே. லாக்கு புதுசாக்கும், நான் இன்னைக்கு காலத்த பாத்ததுதான். இப்பமே ரெண்டு கம்ப்ளெயின்ட் ஆயாச்சு. மூணாமது வந்தா என்ன வேலயிலருந்து பறஞ்சு விட்டிருவாவ."

விஜயலக்ஷ்மி அவரைப் பார்த்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"தாழ்ப்பாள் நன்னாத்தான் இருக்கு. நானாத்தான் போட்டுண்டேன். பிடிச்சுண்டும் இருந்தேன்."

பட்டாபிக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

சொன்னாள். டெமோ, சுப்ரியா, திங்கட்கிழமை, எல்லாவற்றையும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"மூணு தடவை சொன்னேன்."

"எப்போ?" அது ஆபீஸ் குரல். ஆதாரம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாத குரல்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். பாலராமபுரத்துல, இருபத்திநாலாம் தேதி. நாற்பத்தெட்டு பெர்சென்ட்ல சொல்ல ஆரம்பிச்சேன். நூறாகற வரைக்கும் சொன்னேன். சுப்ரியா கூப்பிட்டதைச் சொன்னேன். இப்படியே இருந்தா எனக்கு மூச்சு முட்டிப்போயிடும்னு சொன்னேன். அழுதேன்கூட."

பட்டாபி ஃபோனில் பின்னால் தள்ளித் தள்ளித் தேடினார். கிடைத்தது. வழக்கம்போல உரக்கப் படித்தார்.

"பாலராமபுரம், இருபத்திநாலு. காத்திருப்பு ஐம்பத்திரண்டு நிமிஷம். நல்ல நிழல். ரொம்ப அமைதியான இடம்..."

குரல் நின்றது. ஆனாலும் அவர் யோக்கியமான தணிக்கைக்காரர். மிச்சத்தையும் படித்தார்.

"பேச்சுச் சத்தமே கிடையாது. பத்துக்குப் பத்து."

நேசையன் மெல்ல நகர்ந்து போய்விட்டார். பட்டாபி ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. விஜயலக்ஷ்மி அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"திங்கட்கிழமை நாலு மணிக்கு எனக்குக் கழக்கூட்டத்துல கிளாஸ். கிழக்கேகோட்டையில பஸ் இருக்கு. நான் போய்க்கறேன்."

நாலாவது தடவை சொன்னது அவர் காதில் விழுந்தது.