குனிங்க சார்

எங்கள் தெருமுனையில் சலூன் வைத்திருப்பவரை, அவரைவிட மூத்தவர்களும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே நாற்காலி, எதிர்ச்சுவர் முழுக்க ஒரு கண்ணாடி, கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை ஓயாத வாய். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. விடிவதற்குள் கிளம்பி, மத்தியானம்தான் திரும்புவார். அதனால் இரண்டரை வயது மகள் அதுவரை அண்ணனோடு கடையில் இருப்பாள். சின்னப் பிள்ளைகளுக்கு முடிவெட்டும்போது நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகை போடுவார்களே, அதுதான் அவளுடைய ஆசனம். இரண்டு ஸ்டூல்மேல் அதைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார வைத்திருப்பார்.

இந்தக் குடும்பத்தில் நான் கிளப்பிய கலவரத்தைத்தான் எழுத வந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பை ஒருவழியாக முடித்துவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல் நாளைக்கு நாலு தடவை செருப்பை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்த எனக்குக் குழந்தை வளர்ப்பு மையத்தில் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போக வேண்டும். பிள்ளையோடு பேசுங்கள், விளையாடுங்கள் என்று பெற்றவர்களிடம் சொல்ல வேண்டும். பிள்ளை என்னென்ன செய்கிறது என்று பார்த்து, படிவத்தில் டிக்கோ பெருக்கல் குறியோ போட வேண்டும். மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். மரக்கட்டைகளும் துணிப்பந்தும் படப்புத்தகமும் போட்ட பை ஒன்றும் கொடுத்தார்கள்.

"குடிச்ச டம்ளர எடுத்து வைக்கத் துப்பில்ல. இவன் ஊர்ப் புள்ளைங்கள வளர்க்கப் போறானாம்!" என்றாள் அம்மா.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மூன்று நாளில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது.

சலூன் பக்கம் மட்டும் நான் போகவில்லை. காரணம் என் தலைமுடி. ஏழு மாதமாக வளர்த்துவந்தேன். எனக்கு நான் கதாநாயகனாகத் தெரிந்தேன். மற்றவர்களுக்கு நனைந்த கோழியாகத் தெரிந்திருக்கிறேன். அண்ணன் கத்தரிக்கோலோடு நிற்கும் இடத்தில் எனக்கென்ன வேலை? ஆகவே கடை விடுமுறை நாளாகப் பார்த்து வீட்டுக்குப் போனேன்.

ஒரே அறை. உள்ளே நுழைந்ததும் தலையைச் சரிசெய்யக் கண்ணாடி தேடினேன்.

"நாள் பூரா கடையில அதத்தான் பாக்கறேன். வீட்லயுமா?" என்றார் அண்ணன்.

பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பந்தை உருட்டினேன். அது கட்டிலுக்கு அடியில் போனது; தவழ்ந்து போய் எடுத்தவன் நான்தான். அவள் முகத்துக்கு நேரே போய்ச் சிரித்தேன். சுவரைப் பார்த்தாள்.

"இவகிட்ட என்னண்ணே பேசுவீங்க?"

"இவகிட்டயா? இதுக்கு என்ன புரியும்? கடைக்கு வர்றவங்ககிட்ட பேசியே தொண்டத்தண்ணி வத்திப்போவுது."

பெயர் சொன்னால் திரும்புவதில்லை. முகம் பார்ப்பதில்லை. பேசுவதில்லை. மூன்று பெருக்கல் குறி. படிவத்தை முதலில் மையத்தின் மேற்பார்வை அக்காவிடம்தான் காட்ட வேண்டும், பெற்றவர்களிடம் நாமாக எதுவும் சொல்லக் கூடாது என்பது பயிற்சியின் முதல் பாடம். அந்தப் பாடம் நடந்தபோது நான் டீ குடிக்கப் போயிருந்தேன். தொண்டையைச் செருமி, பெரிய டாக்டரைப் போல, "வளர்ச்சி ரொம்பப் பின்தங்கியிருக்கு," என்றேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாக்காரி நிமிர்ந்தார். "கேட்டுக்குங்க. பலகையில உக்கார வெச்சே எம்புள்ளையப் பொம்மையாக்கிட்டீங்க. ஞாயித்துக்கிழமை எங்கக்கா வீட்ல கொண்டுபோய் விடறேன். அங்க பேச்சுக்கு நாலு புள்ளைங்களாவது இருக்கு."

அக்கா வீடு ஒரு நாள் ரயில் தூரம். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நடந்ததைக் கேட்ட மேற்பார்வை அக்கா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அந்தக் குறி, டாக்டர்கிட்ட காட்டணுமான்னு தெரிஞ்சுக்கறதுக்கு. அப்பனையும் புள்ளையையும் பிரிக்கறதுக்கு இல்ல. உன்ன யாரு தீர்ப்புச் சொல்லச் சொன்னா? போ. அது நாள் முழுக்க எங்க இருக்கோ அங்க போய்ப் பாரு."

வெள்ளிக்கிழமை சலூனுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க நல்ல வாக்கியமாக ஒன்று தயார் செய்திருந்தேன்.

"உக்காரு," என்றார் அண்ணன்.

உட்கார்ந்தேன். வெள்ளைத் துணியைக் கழுத்தில் கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினார். ஏழு மாத உழைப்பு மடியில் விழத் தொடங்கியது. நான் கண்ணாடியில் அதைப் பார்த்துத் துக்கம் அனுசரித்துக்கொண்டிருந்தபோது ஒரு குரல் கேட்டது.

"குனிங்க சார்."

குனிந்தேன்.

"அசையாதீங்க சார்." கொஞ்சம் பொறுத்து, "பொடுகு."

அது அண்ணன் குரல் இல்லை. பலகைப் பக்கம் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். அதற்குள்ளிருந்து அவள் என் கண்ணையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாக்கை நீட்டினேன், அவளும் நீட்டினாள். கண்ணாடியைப் பார்த்து அவள் பெயரைச் சொன்னேன்.

"சொல்லுங்க சார்," என்றாள்.

அண்ணனின் கத்தரி நின்றது. "வாய்க்குள்ள ஏதோ மென்னுக்கிட்டே இருக்கும். நான் எங்க காது குடுத்தேன்..."

என் மரமண்டைக்கும் அப்போதுதான் உறைத்தது. கடையில் அண்ணன் யார் முகத்துக்கும் நேரே பேசியதில்லை. பின்னால் நின்றுகொண்டு கண்ணாடியிடம்தான் பேசுவார். மனுஷர்கள் கண்ணாடிக்குள்தான் பேசுவார்கள், எல்லோருக்கும் பெயர் சார் என்று பிள்ளை முடிவுகட்டியிருந்தது.

பாதி வெட்டிய தலையோடும் கழுத்தில் துணியோடும் தெருவில் ஓடினேன். "என்னடா, பாதிலயே தப்பிச்சிட்டியா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அம்மாக்காரியை இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் மகளுக்குப் பின்னால் போய் நின்றார். கண்ணாடியில் அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க சார். உக்காருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. "பெத்தவளையே சார்ங்குது. இதுக்குன்னு யாரும் ஒரு வார்த்த பேசல போல. நானும்தான்."

சனிக்கிழமை டாக்டரிடம் போனார்கள். காது நன்றாகக் கேட்கிறது, முகம் பார்த்துப் பேசுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். "மூணு மாசம் பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா அக்கா வீடுதான்," என்றார் அம்மாக்காரி.

அன்றிலிருந்து அண்ணன், கடைக்கு ஆள் வராத நேரத்தில் பலகையைத் திருப்பிப் போட்டு, கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்காரவைத்த மகளின் எதிரே தரையில் உட்கார்ந்தார். எதைப் பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. "அப்புறம்... வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று அவளிடம் கேட்டார். நான் பையோடு உதவிக்குப் போனேன். என் மரக்கட்டைகளை அவள் வெட்டிய முடி போடும் கூடையில் போட்டாள். கடைசியில் அண்ணனே ஒரு வழி கண்டுபிடித்தார். சீப்பை அவள் கையில் கொடுத்துத் தலையை நீட்டினார். அவள் சீவ, அவர் "இது காது, இது மூக்கு, வலிக்குதுடி," என்று பேசிக்கொண்டே இருந்தார். முதல் மாதம் அவள் தலையைத் திருப்பித் திருப்பிக் கண்ணாடியைத் தேடினாள். "குனிங்க சார்" போகவே இல்லை.

மூன்றாம் மாதத்தில் ஒரு மத்தியானம், அம்மாக்காரியும் கடையில் இருந்தார். அண்ணன் தலையை மகளிடம் கொடுத்துவிட்டு என்னோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணைப் பார்த்தாள்.

"அப்பா, பேசாத. குனி."

ஊரே அண்ணன் என்று கூப்பிடுகிற மனிதர், மரியாதை போன சந்தோஷத்தில் தரையில் முட்டும் அளவுக்குக் குனிந்தார்.

அம்மாக்காரி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "அக்கா, அவ வரல," என்பது உள்ளேவரை கேட்டது.

நான் படிவத்தை எடுத்தேன். இதற்கு அதில் கட்டமே இல்லை. ஓரத்தில், 'அப்பாவுக்கு மரியாதை கொடுப்பதில்லை' என்று எழுதி, பெரிதாக ஒரு டிக் போட்டேன்.