எட்டாம் கட்டையில் நாலு மணிக்கு: அப்பாவுடன் போர்ட்டிக்சன்

போர்ட்டிக்சனுக்கு ஒரே நாளில் போய்வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அப்பாவையும் என் அக்கா கவிதாவையும் சந்திக்க வைக்கப் போனோம். ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அப்பா பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு, குவாந்தானில் தன்னோடு வேலை செய்த சரவணனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அப்பா அன்றைக்கு, "இனிமே என் வீட்டுப் படி ஏறக்கூடாது" என்றார். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை, ஏறவில்லை. இப்போது சரவணன் அத்தானுக்கு பெர்த்தில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் இருவரும் ஆஸ்திரேலியாவுக்கே குடிபோகிறார்கள்.

வீட்டுக்கு வரச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் நச்சரித்தேன். கடைசியில் ஒரு ராத்திரி டிவியைப் பார்த்துக்கொண்டே, "கடல் பக்கம் வரச் சொல்லு. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு, எட்டாம் கட்டையில" என்றார். கடற்கரை யாருடைய வீடும் இல்லையே! போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையில் இடங்களை இப்படித்தான் சொல்வார்கள். பட்டணத்திலிருந்து தெற்கே போகப் போக மூன்றாம் கட்டை, ஏழாம் கட்டை என்று எண் ஏறிக்கொண்டே போகும். ரந்தாவ் பக்கத் தோட்டத்தில் ஓய்வு பெறும் வரைக்கும் லோரி ஓட்டியவர் அப்பா. அவர் வாயில் எல்லா ஊருக்கும் கட்டைக் கணக்குதான். அவர் சொன்னதை அப்படியே அக்காவுக்கு அனுப்பிவைத்தேன்.

சந்திப்பு சாயங்காலம் நாலு மணிக்கு. காலை ஏழரைக்கே குளித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, இங்கேருந்து ஒரு மணி நேரந்தான்."

"ஜாம் இருக்கும்லா."

"காலையில என்னப்பா ஜாமு?"

"நீ வண்டிய எடு."

இப்படித்தான் எனக்கு ஒரு முழு நாள் போர்ட்டிக்சன் சுற்றுலா அமைந்தது. அம்பாங்கானில் எங்கள் வீட்டிலிருந்து சிரம்பான் வழியாக ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். டோல் சாலையில் போனால் முக்கால் மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். அவசரம் இல்லாதவர்கள் பழைய சாலையில் போங்கள், செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். எங்களுக்கு அவசரமே இல்லை, ஆனாலும் டோல் சாலைதான்.

பசியாற லுக்குட்டில் நிறுத்தினோம். இரண்டு ரொட்டி சானாய், இரண்டு தே தாரேக் டீ, மொத்தம் ஒன்பது ரிங்கிட். அங்கேயே குன்றின் மேல் பழைய கோட்டை இருக்கிறது, அடிவாரத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம். கோட்டை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். அகழியும் கொஞ்சம் கல் சுவரும்தான் மிச்சம். பெரிய மரங்களும் நல்ல நிழலும் உண்டு. எனக்கு ஒரு மணி நேரம் உட்கார ஆசை. அப்பா ஒரு சுற்று நடந்துவிட்டு, "இடிஞ்ச செவுத்தப் பாக்கவா வந்தோம்?" என்று காரைப் பார்த்துப் போய்விட்டார்.

அடுத்தது கடற்கரைச் சாலையில் இருக்கும் இராணுவ அருங்காட்சியகம். கட்டணம் கிடையாது. வெளியே பீரங்கிகளும் பழைய விமானமும் நிற்கின்றன, உள்ளே ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். அப்பா எதையும் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தவர், ஒரு பழைய இராணுவ லோரியின் முன்னால் நின்றுவிட்டார். குனிந்து அடியில் ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தார், டயரைத் தட்டினார். "இந்த மாதிரி ஒண்ணுலதான் அவள ஸ்கூலுக்கு ஏத்திக்கிட்டுப் போவேன். எறங்க மாட்டேன்னு அழுவா" என்றார். ஆறு வருடத்தில் அக்காவைப் பற்றி அவராக எடுத்த முதல் பேச்சு அது. நான் ஏதாவது சொல்வதற்குள், "மணி என்ன?" என்றார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார்.

தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்குப் பதினொன்றரைக்குப் போனோம், அது முட்டாள்தனம். வெயிலுக்கு முன்னால் போங்கள். காரைக் கீழே நிறுத்திவிட்டு, காட்டுக்குள் ஏறும் தார்ச்சாலையில் இருபது நிமிடம் நடக்கவேண்டும். கையில் தின்பண்டம் வைத்திருந்தால் குரங்குகள் பின்னாலேயே வரும், எங்களுடைய வேர்க்கடலைப் பொட்டலம் அப்படித்தான் போனது. மேலே நின்றால் மலாக்கா நீரிணையும் வரிசையாகப் போகும் கப்பல்களும் தெரியும். போர்ட்டிக்சனில் ஒரே ஓர் இடம் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இங்கே வாருங்கள். அப்பா கப்பல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பெர்த் எந்தப் பக்கம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, குத்துமதிப்பாகக் கையைக் காட்டினேன்.

மதியம் வாழையிலைச் சாப்பாட்டில் பாதியை அப்பா அப்படியே மூடிவைத்தார். இரண்டரைக்கெல்லாம் எட்டாம் கட்டைக்கு, அதாவது தெலுக் கெமாங் கடற்கரைக்கு வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். பனானா போட் சவாரி, வாடகைப் பாய், ரொட்டிக்காரனின் ஹாரன், சோற்றுப் பானையோடு இறங்கும் குடும்பங்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஆழமில்லை, குளிக்கலாம். பாய் ஒன்று வாடகைக்கு எடுத்தேன். அப்பா அதில் உட்காரவே இல்லை. தண்ணீர் வரைக்கும் போவார், சாலையைப் பார்ப்பார், திரும்பி வருவார்.

நாலு மணிக்கு அக்காவிடமிருந்து செய்தி: 'வந்துட்டோம்.' 'நாங்களும்' என்று அனுப்பினேன். ஒருவரும் வரவில்லை. பத்து நிமிடம் கழித்து, 'எங்கே?' என்றேன். 'எட்டாம் கட்டைதான்' என்று பதில் வந்தது. காரைவிட்டு இறங்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ என்று, நிறுத்தியிருந்த கார்களுக்குள் எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஓர் அம்மாள் முறைத்தார். கூப்பிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"கூப்புடாத. வர்றவ வரட்டும்."

நாலு முப்பத்தைந்துக்குச் செருப்பைத் தட்டி மாட்டிக்கொண்டார். முகம் இருண்டு போயிருந்தது. "போதும், கெளம்பு. நம்மளப் பாக்க அவளுக்குப் பிடிக்கல" என்றார். இனி அவர் சொல்வதைக் கேட்டால் ஆகாது என்று, அங்கேயே நின்று அக்காவைக் கூப்பிட்டேன். காற்றில் எதுவும் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்கதான்க்கா இருக்க?"

"எட்டாம் கட்டையிலதான்லா! எவ்வளவு நேரமா நிக்கிறோம். அப்பா வரமாட்டேன்னுட்டாரா? நேரா சொல்லிடுடி, நாங்க கெளம்பிடறோம்." குரல் உடைந்திருந்தது.

"ஐயோக்கா, நாங்க ரெண்டரைலேருந்து இங்கதான் இருக்கோம். பனானா போட் தெரியுதா?"

"ஒரு போட்டும் இல்ல. ஒரு செண்டோல் வேனுதான் நிக்குது."

"எப்படி வந்தீங்க அங்க?"

"டவுன் பஸ் ஸ்டேசன்ல கார் மீட்டர ஜீரோ வச்சோம். எட்டு வந்ததும் அவரு நிறுத்திட்டாரு."

"எட்டு என்ன?"

"கிலோமீட்டரு. வேற என்ன?"

கட்டை என்றால் மைல். அக்கா சின்ன வயதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டவள்தான், ஆனால் கணக்குப் போட்டது கிலோமீட்டரில். எட்டு கிலோமீட்டர் என்றால் ஐந்தாம் கட்டை. நடுவில் மூன்று கட்டை தூரத்தை வைத்துக்கொண்டு, அப்பாவும் மகளும் ஒருவர் மேல் ஒருவர் கோபமாக நின்றிருக்கிறார்கள்.

"நாங்க அங்க வர்றோம்" என்றாள் அக்கா. அப்பா போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், "அங்கேயே நிக்கச் சொல்லு. நாம போவோம்." ஆறு வருடத்துக்குப் பிறகு அக்கா அவர் குரலைக் கேட்கிறாள். நான் பாயைச் சுருட்டிக் கொடுப்பதற்குள் அப்பா கார்க் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மாலையில் அந்தச் சாலை நகராது, இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. செண்டோல் வேன் தூரத்தில் கண்ணில் பட்டதும், நெரிசலில் நின்றிருந்த எங்கள் காரின் கதவைத் திறந்து அப்பா இறங்கிவிட்டார். "அப்பா!" என்று கத்தினேன். சாலை ஓரமாக நடந்தே போனார், திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் முதல் வார்த்தை யார் பேசியது, என்ன பேசியது என்று எனக்குத் தெரியாது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. நான் இடம் தேடிக் காரை நிறுத்திவிட்டு ஓடியபோது இருவரும் சண்டையில் இருந்தார்கள்.

"மைலெல்லாம் எந்தக் காலம்பா?"

"ஊரே கட்டைன்னு சொல்லுது. கேட்டுத் தெரிஞ்சிக்க வேணாமா?"

சண்டை போட்டபடியே அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அக்கா அழுதுகொண்டே பதிலுக்குப் பதில் பேசினாள். அத்தான், மாமனாருக்கு வாங்கிய ஐஸ் செண்டோல் கையில் உருகி வழிய, எப்போது கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். ஒரு கட்டத்தில் அப்பாவே அதை வாங்கிக் குடித்தார். "சீனி ஜாஸ்தி" என்றார். அத்தானிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நீங்கள் போவதாக இருந்தால் வார நாளில் போங்கள். காலையில் தஞ்சோங் துவான், வெயில் ஏறியதும் அருங்காட்சியகம், மாலையில் கடல். இதுவே போதும், எங்களைப் போல எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்காதீர்கள். பெட்ரோல், டோல், சாப்பாடு, பாய் எல்லாம் சேர்த்து இருவருக்கும் நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது. இன்னொன்று. மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த ஊரும் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கோட்டையை நான் இன்னொரு முறை பார்க்கவேண்டும்.

இருட்டுவதற்குள் கோலாலம்பூர் ஹோட்டலுக்குத் திரும்பவேண்டும் என்று அக்கா விடைபெற்றாள். அப்பா நேராகப் போய் அவர்கள் காரின் முன் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

"அப்பா, எங்க ஏறுறீங்க?" என்றேன்.

"அம்பாங்கான் வீடு இவங்களுக்குத் தெரியாது. ரோடு, ஜாலான் எல்லாம் மாறிப்போச்சி."

"போன் காட்டும்பா" என்றாள் அக்கா மெதுவாக.

"போனுக்கு என்ன தெரியும்? எடுக்கச் சொல்லு வண்டிய."

நான் தனியாகப் புறப்பட்டேன். லுக்குட் தாண்டியதும் போன் அடித்தது, அப்பாதான். "நாங்க மெதுவாத்தான் வர்றோம். நீ முன்னாடி போயி ஒல வையி. நாலு பேருக்கு" என்றார். கண் கலங்கிச் சாலை சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் நூற்றுப் பத்தில் போனேன். அந்தச் சாலையில் கேமரா இருக்கிறது. நீங்கள் அப்படி ஓட்டாதீர்கள்.