கொடி பறக்க உள்ளே ஓர் ஆள்

ஐயாவு இருபத்தாறு வருஷமாக ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதரகத்தில் கார் ஓட்டினார். வேலை சென்னையில், பிறந்தது சீர்காழிப் பக்கம் மருதங்குளத்தில். இதுவரை ஆறு தூதர்களைப் பார்த்துவிட்டார், அதாவது பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்துவிட்டார். டிரைவருக்குக் காது கிடையாது என்பதில் அந்த ஆறு பேருக்கும் ஒரே நம்பிக்கை. அதனால் பின்சீட்டில் அவர்கள் பேசாத பேச்சில்லை.

ஆறாவது தூதர் தன் உதவியாளனுக்குப் பாடம் நடத்திக்கொண்டே வருவார். "இங்கே பணக்காரன் வீட்டுக்குப் போனால் மூன்றைத் தேடு. பனிநாட்டு நாய், திறக்காத விஸ்கி பாட்டில், திரும்பி வராத பிள்ளை. மூன்றும் இருந்தால், சாப்பாட்டுக்கு முன்னால் அரைமணி நேரம் தேச மானம் பேசுவான். சாப்பாட்டுக்குப் பின்னால் விசா கேட்பான்."

இதில் மறுப்பதற்கு ஐயாவிடம் ஒன்றுமில்லை. சொன்ன வாயைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு விருந்தில் தன் நாற்காலியை இரண்டு இடம் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று சூப்பைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தவர் இந்தத் தூதர். இன்னொரு நாட்டுத் தூதரின் கார் தன்னுடையதைவிட ஒரு சாண் நீளம் என்று தலைநகருக்குப் புகார் எழுதியவரும் இவர்தான். மானம் என்கிற வியாதி இந்த ஊர்க் கொசு கடித்து வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தார் போலும்.

அந்தத் தூதருக்கு மருதங்குளத்திலிருந்தே ஓர் அழைப்பிதழ் வந்தது. தங்கையனுக்கு அறுபதாம் கல்யாணம். காலையில் திருக்கடையூர்க் கோயிலில் தாலி, மதியம் வீட்டில் விருந்து.

தங்கையன் ஊரின் பெரிய மிராசு. 'பாரத மானக் காவல் பேரவை' என்று ஒன்று வைத்து அதற்கு மாவட்டத் தலைவராகவும் இருந்தார். எல்லைக் கோடு தப்பாக இருக்கிறது என்று பள்ளிக்கூடத்து உலக உருண்டையைத் தரையில் போட்டு உடைத்த வீரர். அவர் மகன் சூர்யபிரகாஷ் அதே தூதரின் நாட்டில்தான் இருந்தான். அவனுடைய விசா நீட்டிப்புத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. உருண்டையையும் விசாவையும் சேர்த்துப் பார்த்தவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. குத்தகை நிலம் அவர் கையில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஐயாவின் அப்பா அந்த வீட்டுப் பண்ணையாள். அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தே பழகிச் செத்துப்போனார். அக்கா காத்தாயி இன்னமும் அங்கே கொல்லைப்பக்கம் பாத்திரம் துலக்கப் போகிறாள். பதினெட்டு வயதில் ஊரைவிட்டுப் போன ஐயாவு, வெள்ளைச் சீருடையும் ஷூவுமாக, கொடி பறக்கிற காரை அதே வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் பிறந்த கீழத்தெருவே வந்து பார்த்தது. பெருமையாகத்தான் இருந்தது அவருக்கு. இல்லை என்று சொன்னால் பொய்.

தூதர் இறங்கியதும் ஐயாவு காரின் முகப்பிலிருந்த கொடிக்கு உறையை மாட்டினார். அது விதி. தங்கையன் தூதரை மாலை போட்டு உள்ளே கூட்டிப்போய் நாயைக் காட்டினார். பாவம், உடம்பெல்லாம் முடியோடு அது ஏசி அறையில் மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தது. சாமிப் படங்களுக்குப் பக்கத்து அலமாரியில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. தங்கையன் மனைவி கமலாம்பாள், பிள்ளையின் போட்டோவைக் காட்டினாள். உதவியாளன் தூதரைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் மூன்று விரலைக் காட்டினான். வாசற்படியில் நின்ற ஐயாவுக்குத் தெரிந்தது.

அரைமணி நேரம் தேச மானம் ஆயிற்று. அதற்குப் பிறகு தங்கையன் போட்டோக்காரரோடு வாசலுக்கு வந்தார். டிரோன் ஒன்று தலைக்கு மேலே ரீங்காரம் போட்டது.

"என்னப்பா ஐயாவு, கொடியை மூடி வெச்சிருக்க? உறையை எடு. சொந்தக்காரங்கல்லாம் அதைப் பாக்கத்தானே வந்திருக்காங்க."

"தூதர் இறங்கிட்டாருங்க. கொடி பறக்கணும்னா உள்ள ஒருத்தர் இருக்கணும்ங்க."

"அவ்வளவுதானே? நான் உக்காந்துக்கறேன்."

ஐயாவு தூதரைப் பார்த்தார். அவர் ஊஞ்சலில் பாதாம் கீர் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் கையை வீசினார். "செய்யட்டும், செய்யட்டும். ஒரு படம்தானே."

ஐயாவு உறையை எடுத்தார். தங்கையன் பின்கதவுக்கு அருகில் போய், கதவு திறக்கும் என்று நின்றார். ஐயாவு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே நின்றார்கள். கடைசியில் தங்கையன் தானே திறந்துகொண்டு ஏறினார். ஜன்னலில் முழங்கையை ஊன்றி, கொடிக்குப் பின்னால் மீசையோடு ஒரு படம். மேலேயிருந்து டிரோனில் இன்னொன்று. சாப்பாடு முடிந்தது, விசாவும் கேட்டாயிற்று.

மூன்றாம் நாள் டிரோன் படம் ஊர் ஊராகச் சுற்றியது. பேரவைத் தலைவர் பதவிக்கு நாக்கைத் தொங்கப்போட்டிருந்த சாமிதுரைதான் கிளப்பிவிட்டார். 'தலைவர் வீட்டு வாசலில் அந்நியக் கொடி!' மேலேயிருந்து எடுத்த படம். காரும் கொடியும் தெரிந்தன, உள்ளே இருந்த மீசை தெரியவில்லை. அது போதும் தங்கையனுக்கு. மைக் பிடித்துப் பொங்கினார். எனக்குத் தெரியாமல் டிரைவர் செய்த காரியம், நம் ஊரில் பிறந்தவனே நம் மண்ணை அவமதித்துவிட்டான், சுதந்திர தினத்தன்று என் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். பழியை எவ்வளவு லாகவமாக ஐயாவின் தலையில் கட்டினார்! அப்பனும் பிள்ளையும் சுமப்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று நினைப்பு.

சென்னையில் தூதர் ஐயாவைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். தங்கையன் வீட்டில் தட்டச்சு செய்து, தூதரகம் திருத்தி அனுமதித்த மன்னிப்புக் கடிதம். 'அறியாமையாலும் ஆர்வத்தாலும் நானாகவே கொடியை ஏற்றிவிட்டேன்.'

"நீங்கதானே சார் ஏத்தச் சொன்னீங்க?"

"மிஸ்டர் ஐயாவு, நான் ஒரு நாடு. ஒரு நாடு இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க முடியாது. நீங்கள் தனி மனிதர், நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு இன்னும் பத்து மாதம் சர்வீஸ் இருக்கிறது. நல்லபடியாக முடிப்போமே."

நாடாம் நாடு! பாதாம் கீர் குடித்துவிட்டு மேல்சட்டையில் சிந்திக்கொண்ட நாடு. ஐயாவு தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பத்து மாதம் வாயைக் கட்டினால் பூமாலையோடு வழியனுப்புவார்கள். கட்டாவிட்டால் வேலை போகும். ஆனால் படித்தால், அப்பா செருப்பைக் கையில் பிடித்த அதே இடத்தில், கீழத்தெரு முன்னால், செய்யாத தப்பை வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் காத்தாயி போன் செய்தாள்.

"ஏன்டா தம்பி, நீயா ஏத்துன கொடியை?"

"இல்லக்கா. அவர்தான் ஏறி உக்காந்தாரு."

"அதானே! அவரு கார்ல உக்காந்த படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டி வெச்சிருக்காங்களே. இன்னைக்கும் கொல்லைக் கதவு வழியா அதைப் பாத்துக்கிட்டேதான் பாத்திரம் வெளக்கினேன்."

"இன்னுமா எடுக்கல?"

"எடுக்கணும்னுதான் அந்தம்மா சொன்னாங்க. அவருக்கு மனசு வரல போல. நாளைக்கு நாலு தடவை பாத்துப் பாத்து மீசையைத் தடவுறாரு."

ஐயாவு வாய்விட்டுச் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

பதினான்காம் தேதி ராத்திரி, கார்ச் சாவியை ஒரு கவரில் போட்டுத் தூதரக வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். மறுநாள் காலை மருதங்குளத்தில் தங்கையன் தேசியக் கொடியை ஏற்றி, மிட்டாய் கொடுத்து, தேச மானம் பொங்க ஒரு பேச்சும் பேசிவிட்டு மைக்கை நீட்டினார். சாமிதுரையின் ஆட்கள் ஒரு பக்கம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழத்தெரு சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது.

ஐயாவு தாளை விரிக்கவில்லை.

"கொடியை ஏத்துனது நான்தாங்க. அது உண்மை. ஏத்தச் சொன்னது தூதர், கேட்டது ஐயா. உள்ள ஒருத்தர் இருந்தாத்தான் அந்தக் கொடி பறக்கலாம்னு சொன்னேன். ஐயாவே ஏறி உக்காந்தாரு. நான் சொல்றதை நம்ப வேணாம். ஐயா வீட்டுக் கூடத்துல பெரிசாச் சட்டம் போட்டு மாட்டியிருக்கு. கதவு திறந்துதான் இருக்கு, போய்ப் பாருங்க."

முதலில் படியேறியவர் சாமிதுரை. அவருக்குப் பின்னால் கூட்டம் பிதுங்கிக்கொண்டு போயிற்று. "யாரும் உள்ள வராதீங்க, நாய் இருக்கு!" என்று தங்கையன் கத்தினார். அந்த நாயை ஊரில் எவன் மதித்தான்? கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. முதலில் ஒருவர், அப்புறம் எல்லாரும்.

வாசலில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். தங்கையன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"ஐயாவு, உங்கப்பன் இந்த வீட்டுச் சோத்தைத் தின்னவன்டா. இப்படிப் பண்ணிட்டியே."

"எங்கப்பா வெதச்ச நெல்லுதாங்க அந்தச் சோறு. இந்த வீட்டுல எல்லாருந்தான் தின்னாங்க."

பையிலிருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். தூதரின் உதவியாளன் அனுப்பிய செய்தி. மன்னிப்புக் கேட்டாயிற்றா, படம் அனுப்பவும். சாமிதுரையின் ஆள் கூடத்தில் எடுத்த படம் அதற்குள் ஊர்க் குழுவுக்கு வந்திருந்தது. கொடி, ஜன்னல், முழங்கை, மீசை எல்லாம் துல்லியமாக இருந்தன. ஐயாவு அதையே அனுப்பிவைத்தார். பிறகு ஷூ சத்தம் கேட்க அந்த வாசலைக் கடந்து, சாலைக்கு அந்தப் பக்கம் காத்தாயி நின்ற இடத்துக்குப் போனார்.