ஊர்ப் பேச்சுக்கு நடுங்கிய பெண்

டெல்லித் தமிழர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மெட்ரோவிலோ காய்கறிக் கடையிலோ ஒரு தமிழ்க் குரல் காதில் விழுந்தால் போதும், பெயரைக்கூடக் கேட்க மாட்டோம், “எந்த ஊரு?” என்றுதான் ஆரம்பிப்போம். பதில் நம் ஜில்லாவாக அமைந்துவிட்டால் தீர்ந்தது. வீட்டு விலாசம், பிள்ளையின் உத்தியோகம், முழங்கால் வலி எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே கொட்டிவிடுவோம். துவாரகாவில் வெகுகாலமாகக் குடியிருக்கும் நானும் இதற்கு விலக்கில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இந்தி எனக்குச் சோறு போட்டது என்னவோ உண்மைதான். ஆனாலும் அம்பாசமுத்திரத்துப் பேச்சைக் கேட்டால் அசடு மாதிரி உருகிப்போவேன்.

நான் ஓய்வு பெற்று வீட்டில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த சமயத்தில், சாணக்யபுரியில் இருக்கும் நம் மாநில விருந்தினர் இல்லத்திலிருந்து போன் வந்தது. மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கியிருந்தவர்களைத் தாய்லாந்து வழியாக விமானத்தில் மீட்டு வந்திருக்கிறார்கள், அதில் தமிழ்ப்பெண் ஒருத்தி இருக்கிறாள், விசாரிக்கும் பெண் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, இந்தியும் தமிழும் தெரிந்த ஒரு பெண்மணி கூட இருந்தால் நல்லது என்றார்கள். உடனே கிளம்பிவிட்டேன்.

இருபத்தைந்து வயதுகூட இருக்காது. யாரோ கொடுத்த, அளவு சேராத ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஆறிப்போன டீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசு தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவினேன்.

“எந்தூரு பிள்ள உனக்கு?”

“தென்காசிப் பக்கம்.”

“அட, நமக்கு அம்பாசமுத்திரம்லா! பக்கத்துல வந்துட்டியே!”

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, சுவரோடு ஒட்டி நின்றாள். கை கால் எல்லாம் நடுங்கியது. “இப்படிப் பேசாதீங்க” என்றாள். “இப்படித்தான் நானும் பேசுவேன்.”

ஒன்றும் விளங்காமல் விழித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள்.

“அங்கன எங்களுக்குத் தனி மேசை. வெளியூர்ல இருக்க தமிழாளுகளுக்கு மட்டும் போன் போடணும். டெல்லி, பம்பாய், துபாய். முதல்ல ஊரைக் கேக்கணும். அவங்க எந்த ஊரைச் சொன்னாலும், எனக்கும் அந்தப் பக்கம்தான்னு சொல்லணும். அதுக்கப்புறம் நாங்க ஒண்ணும் கேக்கவே வேண்டாம். அவங்களே எல்லாத்தையும் சொல்லிருவாங்க.”

நாங்கள் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்ததை, எங்கோ ஒரு மூலையில், தமிழே தெரியாத எவனோ கண்டுபிடித்துத் தொழிலாக்கியிருக்கிறான். துவாரகாவில் எத்தனை வீட்டுப் பெரியவர்கள் இந்தக் குரலிடம் முழங்கால் வலியைச் சொல்லி அழுதார்களோ!

அதன் பிறகு வானொலிச் செய்தி வாசிப்பவளைப் போலச் சுத்தத் தமிழில்தான் அவளிடம் பேசினேன். கேட்க எனக்கே கோமாளித்தனமாக இருந்தது. ஆனால் அவள் மெல்ல வந்து உட்கார்ந்தாள்.

பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போயிருக்கிறாள். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு எல்லைக்கு ஓட்டிப்போய், ஆற்றைக் கடந்து ஒரு வளாகத்துக்குள் அடைத்துவிட்டார்கள். சொன்ன அளவுக்கு ஆட்களை ஏமாற்றாவிட்டால் அடி, பட்டினி, மின்சார அதிர்ச்சி. கையில் தழும்புகளைக் காட்டினாள்.

சென்னைக்கு ரயில் டிக்கெட் தயார் என்றதும் அந்தப் பெண் மாட்டேன் என்றாள். “என் கூடப் படிச்சவ ஒருத்தி உள்ள இருக்கா. எங்களைத் திறந்துவிடுறதுக்கு முந்தி அவளை வேற கட்டடத்துக்கு மாத்திட்டாங்க. அவளைத் தேடுறோம்னு நீங்க சொன்னாத்தான் போவேன்.”

அதிகாரி பொறுமையாக விளக்கினார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் வேறு நாடு. வளாகம் இருக்கும் இடமோ அந்த நாட்டு அரசாங்கத்துக்கே முழுசாகக் கட்டுப்படாதது. நம் தூதரகங்கள் இரண்டு தலைநகரங்களிலும் பேச வேண்டும், அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், பிடிபடும்போது அவளைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் பாதிக்கப்பட்டவளாக நடத்தச் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

அவள் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: “எங்களை ஒரு சின்னப் படகுலதாம்மா கூட்டிட்டுப் போனாங்க. யாரும் எதுவும் கேக்கல.”

அதிகாரிக்கு அதை இந்தியில் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. என்னமோ நானே மூன்று அரசாங்கங்களையும் நடத்துகிறவளைப் போல. அதிகாரி அவள் சொன்ன அடையாளங்களையெல்லாம் எழுதிக்கொண்டார். நீலக் கூரை, எதிர்க்கரையில் தெரியும் கோயில் கோபுரம், வாசலில் நாய்க் கூண்டு. எழுதி முடித்து, தேடுகிறோம் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்ன பிறகே அவள் ரயிலேறினாள்.

குளிர்காலம் முடிந்த சமயம் மறுபடியும் போன் வந்தது. இரண்டு நாட்டுப் போலீசும் சேர்ந்து ஒரு வளாகத்தைத் திறந்திருக்கிறார்கள். இன்னொரு விமானம் வந்திருக்கிறது. அதில் அந்தச் சிநேகிதி இருக்கிறாள். நான் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவிடமெல்லாம் சொல்லி ஆர்ப்பாட்டம் பண்ணிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

அதே அறை, அதே அதிகாரி. இவள் முதலாமவளைவிட இளைத்திருந்தாள், ஆனால் நடுங்கவில்லை. நான் வாயை அடக்கிக்கொண்டு, கேட்கச் சொன்னதை மட்டும் கேட்டேன். வேலை இருக்கிறது என்று உன்னை அங்கே வரவழைத்தது யார்?

“அவதாம்மா. முன்னால வந்தாளே, என் சிநேகிதி. அவதான் போன் பண்ணிக் கூப்பிட்டா.”

எனக்குத் தலையில் இடி விழுந்தது. தேடினால்தான் போவேன் என்று அடம்பிடித்தவளா? அந்தத் தழும்புக் கையை நான் தடவிக் கொடுத்தேனே! வந்த ஆத்திரத்தில் இந்தியில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அதிகாரி என்னைக் கையமர்த்திவிட்டு, அவள் மேல் புகார் கொடுக்க விருப்பமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அவள் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தாள்.

“ஒரு ஆளைக் கொண்டாந்தா கரண்டு வைக்க மாட்டோம்னாங்களாம். தாங்குற வரைக்கும் தாங்கிட்டு என் நம்பரைக் குடுத்துட்டா. நான் போய் இறங்கினதுமே காலைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டா. அவ வீட்டுக்கு நல்லபடியாப் போயிட்டாளா?”

“போயிட்டாம்மா.”

தலையை ஆட்டினாள். பிறகு, யாரோ யாரைப் பற்றியோ சொல்வதைப் போலச் சொன்னாள். “என்கிட்ட என் தங்கச்சியைக் கேட்டிருந்தாங்க. நாளைக்குக் கூப்பிடுதேன்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள போலீஸ் வந்துட்டு.”

“க்யா போலி?” என்ன சொன்னாள் என்று அதிகாரி இந்தியில் கேட்டார். எனக்குத் தமிழே வரவில்லை, இந்திக்கு எங்கே போவேன்.