தொய்ந்த நரம்பில் எழுந்த ஒலி

அண்ணாமலையாரை நம்பி வாழும் அன்பர்களே, அந்தக் கார்த்திகை மாதம் மழை விடவே இல்லை. மழையோடு எங்கள் பிழைப்பும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது.

திருவண்ணாமலையில் பேகோபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கொல்லையில் ஒரு கொட்டகை. அதில் நானும் என் மச்சினன் கோதண்டமும் பூப்பந்து மட்டை செய்து வந்தோம். மரத்தை ஆவியில் வளைத்துச் சட்டமாக்கி, ஆட்டு நரம்பு கட்டி, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பாலிஷ் போடுவோம். கடைக்காரர்கள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "வடக்கத்தி மட்டையாங்க?" என்பார்கள். நம்ம ஊரில் செய்தது என்றால் கீழே வைத்துவிடுவார்கள். நல்ல மரமும் நல்ல நரம்பும் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விடும். கழித்துப் போட்டதுதான் எங்களுக்கு வரும்.

அந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் மனம் வைத்தார். பந்தயத்துக்கு வேண்டிய மட்டை முழுவதும் எங்களிடமே சொன்னார். "நல்லா இருந்தா சுத்துப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் நானே சொல்றேன். ஆட்டத்துல நரம்பு அறுந்துச்சுனா என் மூஞ்சில முழிக்காதீங்க" என்றார். இது தவறினால் கொட்டகையை மூடிவிட்டுப் பட்டணத்துக்கு மில் வேலைக்குப் போவதென்று முடிவு செய்திருந்தோம்.

மட்டைகளைக் கட்டி முடித்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. பாலிஷ் காயாமல் பிசுபிசுத்தது. ஈரம் புகாதபடி சன்னல்களைச் சாக்கால் அடைத்தோம். இப்படிப்பட்ட நாளில் கொட்டகையை மூடி, உள்ளே கரி அடுப்பு மூட்டி வைப்பது எங்கள் வழக்கம். ஆனால் அன்று கார்த்திகை தீபம். மலைமேல் தீபத்தைக் கண்ணால் பார்க்கும்வரை எங்கள் வீட்டில் நெருப்பு மூட்டுவதில்லை. எல்லோரும் விரதம். தீபம் பார்த்ததும் முதல் அகலைக் கொட்டகைக்குள் வைத்து, அதிலிருந்தே கரி அடுப்பையும் பற்றவைக்கலாம் என்றிருந்தேன்.

மத்தியானம், மூடிய கொட்டகைக்குள் ஒரு சத்தம். 'டிங்.' ஒற்றை நரம்பை யாரோ விரலால் சுண்டியது போல. பூட்டு வெளியே தொங்குகிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது.

"மாமா, உள்ள யாரோ ஆட்டத்த ஆரம்பிச்சுட்டாங்க. பாயின்ட் எவ்ளோன்னு கேட்டுச் சொல்லட்டா?" என்று கோதண்டம் சிரித்தான்.

"வாயக் கழுவுடா. நல்ல நாளும் அதுவுமா" என்று அதட்டினாள் என் மனைவி மரகதம்.

மறுபடியும் கேட்டது. ஈரக்காற்று உள்ளே போய்விடுமே என்று நான் திறக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. தெருவே மலையைப் பார்த்து நின்றது. வேட்டுச் சத்தம் கேட்டது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஊரே முழங்கியது. "தெரியுது, தெரியுது!" என்று எதிர்வீட்டார் கை காட்டினார்கள். வாசல்தோறும் விளக்கு எரிந்தது. எங்கள் கண்ணுக்கு மட்டும் கருமேகம்தான் தெரிந்தது.

"ஏத்து மரகதம். அதான் எல்லாரும் ஏத்திட்டாங்களே."

"நான் பாக்கலியேங்க. பாக்காம எப்படி ஏத்துறது?"

"ஊரே பாத்துடுச்சு. உனக்குன்னு தனியா வந்து காட்டுவாரா?"

"காட்டட்டுமே" என்றாள்.

அத்தனை வெளிச்சத்துக்கு நடுவில் எங்கள் வீடு மட்டும் இழவு வீடு போல இருண்டு கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. 'அப்பனே, ஒரே ஒரு தடவை காட்டு. எங்களை மட்டும் ஏன் தள்ளி வைக்கிறாய்? எங்களைக் காப்பாற்று' என்று மன்றாடினேன். மேகம் அசையவில்லை.

அப்போது கொல்லையிலிருந்து கேட்டது. இந்தத் தடவை ஒற்றை நரம்பு இல்லை. உள்ளே தொங்கிய அத்தனை மட்டைகளும் சேர்ந்து ரீங்கரித்தன. ஓர் இலைகூட ஆடவில்லை. கோதண்டம் சிரிக்கவில்லை. கையில் விளக்கில்லை. இருட்டில் தடவிக்கொண்டே போய்ப் பூட்டைத் திறந்தேன். சத்தம் சட்டென்று நின்றது.

உள்ளே கால் வைத்தேன். தரை ஈரமாக இருந்தது. அடுத்த நொடி நெடி மண்டைக்கு ஏறியது. ஸ்பிரிட் டின்னின் அடித்தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, அத்தனையும் தரையில் ஓடியிருந்தது. அடைத்த அறை முழுவதும் அதன் ஆவி. எரியும் அகலோடு வந்திருந்தால் கொட்டகையே வெடித்திருக்கும்.

"மாமா, இருட்டா இருக்கே, ஒரு குச்சி மட்டும் கிழிக்கட்டுமா?" என்று பின்னாலிருந்து கோதண்டத்தின் குரல்.

"கிழிக்காத! தீப்பெட்டியத் தூக்கி எறி!"

சாக்குகளைப் பிய்த்தோம், சன்னல்களைத் திறந்துவிட்டோம். வாசலுக்கு வந்தபோது மேகம் விலகியிருந்தது. உச்சியில் தீபம் எரிந்தது. மூவரும் சேற்றிலேயே விழுந்து கும்பிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறுநாள் காலை கோதண்டம் ஒவ்வொரு மட்டையாகச் சுண்டிப் பார்த்தான். எல்லாம் 'தொப்' என்றன. ஈரத்தில் ஒரு நரம்பு விடாமல் துணிக்கொடி போலத் தொய்ந்திருந்தது.

"இதுலயா மாமா சத்தம் வந்துச்சு?" என்றான்.

தொய்ந்த நரம்பு ஒலிக்காது. எங்கள் தொழிலில் கைவைக்கும் யாருக்கும் அது தெரியும்.

வெயில் வந்ததும் நரம்புகளை அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டினோம். டிரில் மாஸ்டர் பொறுத்துக்கொண்டார். பந்தயத்தில் ஒன்றும் அறுபடவில்லை. அவர் சொன்னபடியே மற்றப் பள்ளிக்கூடங்களும் வந்தன. வடக்கத்தி மட்டையா என்று கேட்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் கொட்டகை நடக்கிறது. கரி அடுப்பை உள்ளே வைப்பதை விட்டுவிட்டோம். மழை பெய்தால் வெயிலுக்குக் காத்திருக்கிறோம். முன்பெல்லாம் எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அழுது கேட்டும் அவர் முகம் காட்டவில்லையே என்று கலங்குகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். கொஞ்ச நேரம் அந்த இருட்டிலேயே நில்லுங்கள். அன்று ஊருக்கெல்லாம் அவர் ஜோதியாக வந்தார். எங்களுக்கு மேகமாக வந்தார்.